சொந்த ஹெலிகாப்டர்: பறக்காத நாளுக்கும் பணம் கட்டணும்

[திரையில்: கலிஃபோர்னியா, டோரன்ஸ் விமான நிலையம். வரிசையாக நிற்கும் ராபின்சன் ஹெலிகாப்டர்கள்]

வணக்கம். சொந்தமாக ஒரு ஹெலிகாப்டர் வைத்திருக்க எவ்வளவு செலவாகும்? வாங்கும் விலை இணையத்தில் தேடினால் ஒரு நிமிடத்தில் கிடைத்துவிடும். வாங்கிய மறுநாளிலிருந்து வரும் செலவு என்ன, அதில் இன்சூரன்ஸ் ஏன் இவ்வளவு பெரிய பங்கை எடுத்துக்கொள்கிறது என்பதை இந்த வீடியோவில் கணக்குப் போட்டே பார்க்கலாம்.

அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் சாதாரண வியாபாரிகளும் டாக்டர்களும்கூட ஹெலிகாப்டர் வாங்கித் தாங்களே ஓட்டும் வழக்கம் அங்கே இருக்கிறது. கணக்குக்கு ஒரு ஹெலிகாப்டர் வேண்டும்: ராபின்சன் ஆர்44 ராவன் 2. ஃபிராங்க் ராபின்சன் 1973-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய கம்பெனியின் தயாரிப்பு. இரண்டு பேர் உட்காரும் ஆர்22 1979-இலும், நான்கு பேர் உட்காரும் இந்த ஆர்44 1992-இலும் அமெரிக்க அரசின் சான்றிதழ் பெற்றன. பிஸ்டன் எஞ்சின், மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் வேகம். புதிதாக வாங்கினால் 5 லட்சம் டாலருக்கு மேல். நம் கணக்குக்கு ஐந்தரை லட்சம் என்று வைத்துக்கொள்வோம். நம் பணத்தில் நாலரைக் கோடியைத் தாண்டிவிடும்.

[திரையில்: 2,200 மணி நேரம் / 12 ஆண்டுகள்]

இந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆர்44 ஒன்று 2,200 மணி நேரம் பறந்துவிட்டாலோ 12 ஆண்டுகள் ஆகிவிட்டாலோ, எது முதலில் வருகிறதோ அப்போது அதை முழு ஓவர்ஹாலுக்கு அனுப்ப வேண்டும் என்பது கம்பெனியின் விதி. எஞ்சின், கியர்பாக்ஸ், ரோட்டர் (மேலே சுழலும் விசிறி) பிளேடுகள் எல்லாவற்றையும் கழற்றி, சிலவற்றைப் பிரித்துச் சீர்செய்து, சிலவற்றைப் புதிதாக மாற்றி, மறுபடி பூட்டுவார்கள். சுலபமான கணக்குக்காக இந்த வேலைக்கு 3 லட்சம் டாலர் என்று எடுத்துக்கொள்கிறேன்.

இனி பாருங்கள். 2,200 மணி நேரமும் முழுதாகப் பறந்தால், ஒரு மணி நேரத்துக்கு ஓவர்ஹால் கணக்கில் சுமார் 136 டாலர் ஒதுக்கினால் போதும். ஆனால் தனி மனிதர் யாரும் அவ்வளவு பறப்பதில்லை. ஆண்டுக்கு 100 மணி நேரம் என்றால், 12 ஆண்டில் 1,200 மணி நேரம்தான். அப்போது ஒரு மணி நேரத்துக்கு 250 டாலர். ஆண்டுக்கு 50 மணி நேரம் மட்டும் பறப்பவருக்கு 500 டாலர். பறக்காமல் விட்ட 1,600 மணி நேரத்துக்கும் சேர்த்துத்தான் அவர் காசு கொடுக்கிறார்.

பழைய ஹெலிகாப்டர் வாங்க நினைப்பவர்கள் மாட்டிக்கொள்ளும் இடமும் இதுதான். "மொத்தமே 600 மணி நேரம்தான் பறந்தது" என்று விளம்பரம் இருக்கும். விலையும் குறைவாக இருக்கும். தயாரித்து 10 ஆண்டு ஆகியிருந்தால், இரண்டு ஆண்டில் 3 லட்சம் டாலர் செலவு கதவைத் தட்டும். மணி நேரத்தைப் பார்க்கும் முன்பு தயாரித்த ஆண்டைப் பாருங்கள்.

ஆஸ்திரேலியாவின் மாட்டுப் பண்ணைகளில் நிலைமை நேர் எதிர். அங்கே ஆர்22-வை வைத்து மாட்டு மந்தைகளை ஓட்டிச் சேர்க்கிறார்கள். வேலைக் காலத்தில் அது தரையில் இருக்கும் நேரமே குறைவு. 12 ஆண்டுக்கு வெகு முன்பே 2,200 மணி நேரம் முடிந்துவிடும். அப்படி உழைக்கும் ஹெலிகாப்டர்தான் மணிக்கணக்கில் மலிவானது.

சரி, இன்சூரன்ஸுக்கு வருவோம்.

[திரையில்: இரண்டு பெட்டிகள். "ஹெலிகாப்டருக்கு", "பிறருக்கு"]

இரண்டு பகுதி. ஹெலிகாப்டர் சேதமானால் கிடைக்கும் பணம் ஒன்று. இதை ஹல் என்பார்கள். பிறருக்கு நாம் ஏற்படுத்தும் சேதத்துக்கான பணம் இன்னொன்று, அது லயபிலிட்டி.

ஹல் இன்சூரன்ஸ் நம் கார் இன்சூரன்ஸ் மாதிரி வேலை செய்யாது. காருக்கு ஆண்டுக்கு ஆண்டு மதிப்பைக் குறைத்துக்கொண்டே வருவார்கள். இங்கே பாலிசி எடுக்கும்போதே உரிமையாளரும் இன்சூரன்ஸ் கம்பெனியும் ஒரு தொகையை ஒப்புக்கொள்கிறார்கள். முழுசாக அழிந்தால் அந்தத் தொகை. இந்த எண்ணைக் கவனமாக முடிவு செய்ய வேண்டும். பிரீமியத்தை மிச்சம் பிடிக்க மதிப்பைக் குறைத்து எழுதினால், சரிசெய்யக்கூடிய விபத்தில்கூட கம்பெனி அந்தச் சின்னத் தொகையைக் கொடுத்துவிட்டு ஹெலிகாப்டரை எடுத்துக்கொண்டு போய்விடலாம். கூட்டி எழுதினாலும் சிக்கல்: மோசமாக நொறுங்கியதையும் சரிசெய்தே தருவோம் என்பார்கள்.

தனியார் சிறு விமானத்துக்கு ஹல் பிரீமியம் பெரும்பாலும் அதன் மதிப்பில் 1 அல்லது 2 சதவீதத்தை ஒட்டி இருக்கும். பிஸ்டன் ஹெலிகாப்டருக்கு அது பல மடங்கு. அனுபவம் குறைந்த உரிமையாளர் என்றால் இன்னும் ஏறும். ஏன்?

ஹெலிகாப்டரில் சின்ன விபத்து என்பதே அரிது. சுழலும் பிளேடு ஒரு மரக்கிளையிலோ தரையிலோ பட்டால் பிளேடை மட்டும் மாற்றிவிட்டு மறுபடி பறக்க முடியாது. அந்த அதிர்ச்சி ரோட்டர் தண்டு, கியர்பாக்ஸ், எஞ்சின் என்று பின்னோக்கிப் போயிருக்கும். அத்தனையையும் பிரித்துச் சோதிக்க வேண்டும். அதனால்தான் பல பாலிசிகளில் நம் கையிலிருந்து கட்ட வேண்டிய பங்கு இரண்டு விதமாக இருக்கும்: ரோட்டர் நின்றிருக்கும்போது சேதமானால் ஒரு சின்னத் தொகை, சுற்றும்போது நடந்தால் மதிப்பில் ஒரு சதவீதக் கணக்கு. அது 5 சதவீதம் என்றால், நம் ஆர்44-க்கு 27,500 டாலர். இன்சூரன்ஸ் இருந்தும் அவ்வளவு நம் பையிலிருந்து போகும்.

அடுத்தது பைலட். ஆர்22, ஆர்44 இரண்டிலும் ரோட்டர் எடை குறைந்தது. எஞ்சின் நின்றால் சுழற்சி வேகமாக இறங்கிவிடும். ஓரிரு நொடிக்குள் பைலட் சரியான லீவரைக் கீழே தள்ளியாக வேண்டும். புதியவர்கள் தடுமாறும் இன்னொரு இடமும் உண்டு: மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது சட்டென்று மூக்கைக் கீழே அழுத்தினால், ரோட்டரின் நடுப்பகுதி தண்டில் மோதி, பிளேடு ஹெலிகாப்டரின் உடலையே வெட்டிவிடக்கூடும். இப்படிப்பட்ட விபத்துகளுக்குப் பிறகுதான் 1995-இல் அமெரிக்க விமானத்துறை இந்த இரண்டு ரகத்துக்கும் தனி விதி கொண்டுவந்தது. ஆர்44-ஐ நீங்களே கமாண்டராக ஓட்ட வேண்டும் என்றால், ஹெலிகாப்டரில் மொத்தம் 200 மணி நேர அனுபவமும் அதில் 50 மணி நேரம் ஆர்44 அனுபவமும் வேண்டும். அது இல்லாதவர் குறைந்தது 10 மணி நேரம் ஆசிரியரோடு பயிற்சி எடுத்து, அவர் கையெழுத்தும் வாங்கியிருக்க வேண்டும்.

இன்சூரன்ஸ் கம்பெனி அரசு விதியோடு நின்றுவிடாது. இன்னும் இத்தனை மணி நேரம் ஆசிரியரோடு பறந்து வா, டோரன்ஸில் ராபின்சன் நடத்தும் பாதுகாப்புப் பயிற்சியை முடித்துவிட்டு வா என்று நிபந்தனை போடும். ஒரே ஹெலிகாப்டர், ஒரே ஊர்; 100 மணி நேரம் பறந்தவருக்கும் 1,000 மணி நேரம் பறந்தவருக்கும் பிரீமியம் வேறு வேறு. பாலிசியில் பெயர் இல்லாத, நிபந்தனைக்குள் வராத நண்பரிடம் "நீ கொஞ்ச நேரம் ஓட்டு" என்று கொடுத்து ஏதாவது ஆனால், பணம் கிடைக்காது. ஆண்டுச் சோதனை காலாவதியாகியிருந்தாலும் அதே கதி வரலாம்.

[திரையில்: 10,00,000 / 1,00,000]

இந்தப் பகுதியைத் தயவுசெய்து தவறவிடாதீர்கள். லயபிலிட்டி பாலிசியில் "ஒரு விபத்துக்கு 10 லட்சம் டாலர்" என்று பெரிதாக எழுதியிருக்கும். பக்கத்திலேயே "ஒரு பயணிக்கு 1 லட்சம் டாலர் வரை" என்றும் இருக்கும். தனியார் பாலிசிகளில் இது சாதாரணம். அதாவது உங்களோடு உட்கார்ந்து வந்த நண்பர் இறந்துவிட்டால், அவர் குடும்பம் வழக்குப் போட்டால், கம்பெனி தருவது அதிகபட்சம் 1 லட்சம். மீதியை உங்கள் வீடு, சேமிப்பு எல்லாவற்றிலிருந்தும் கேட்பார்கள். பயணிக்கென்று தனி வரம்பு இல்லாத பாலிசி உண்டு. விலை அதிகம், புதிய பைலட்டுக்குக் கிடைப்பதும் கஷ்டம். முடிந்தால் அதையே வாங்குங்கள். என் பார்வையில் இது ஹல் இன்சூரன்ஸைவிட முக்கியம். ஹெலிகாப்டர் போனால் ஐந்தரை லட்சத்தோடு முடிந்தது. மனித உயிரின் வழக்கு எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அனுபவசாலி ஓட்டினால் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. 2020 ஜனவரி 26 அன்று கலிஃபோர்னியாவின் கலபசாஸில் ஒரு ஹெலிகாப்டர் மலைச்சரிவில் மோதி, கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட், அவர் மகள் உட்பட 9 பேர் இறந்தார்கள். ஓட்டியவர் 8,000 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். மேகத்துக்குள் புகுந்து திசை உணர்வை இழந்தார் என்று விசாரணை முடிவு சொன்னது.

[திரையில்: ஆண்டுக்கு 100 மணி நேரம். ஒரு மணி நேரச் செலவு]

எல்லாவற்றையும் கூட்டலாம். ஓவர்ஹால் ஒதுக்கீடு 250. இன்சூரன்ஸ், ஹல்லுக்கு 5 சதவீதம் என்று வைத்து, லயபிலிட்டியும் சேர்த்து ஆண்டுக்கு 30,000 டாலர். அதாவது மணிக்கு 300. மணிக்குச் சுமார் 15 கேலன் ஏவ்காஸ், அதாவது விமான பெட்ரோல், குடிக்கும், அது 100 டாலர். ஹேங்கர், அதாவது ஹெலிகாப்டரை நிறுத்தும் கொட்டகையின் வாடகை மாதம் 800 என்றால் அதுவும் மணிக்கு 100-ஐ ஒட்டி வரும். ஆண்டுச் சோதனை, ஆயில், சில்லறை ரிப்பேர் இன்னொரு 100. மொத்தம் 850 டாலர். வாங்கப் போட்ட பணமோ அதன் வட்டியோ இதில் இல்லை.

இதே ஹெலிகாப்டர் ஆண்டுக்கு 500 மணி நேரம் பறந்தால் மணிக்கு 400 டாலருக்குள் அடங்கிவிடும். ராபின்சன் கம்பெனி வெளியிடும் செலவுக் கணக்கு 500 மணி நேரத்தை வைத்துத்தான் போடப்படுகிறது. அதைப் பார்த்துவிட்டு வாங்குபவர் முதல் ஆண்டிலேயே திணறிப்போவார். 50 மணி நேரம் மட்டும் பறப்பவருக்கோ 1,500 டாலரைத் தாண்டும்.

ஆகவே ஆண்டுக்கு 100 மணி நேரத்துக்குக் கீழே பறப்பவர், பயிற்சிப் பள்ளியில் மணிக்கு வாடகைக்கு எடுத்துப் பறப்பதே நல்லது என்பேன். சொந்தமாகத்தான் வேண்டும் என்றால், அதைப் பள்ளிக்கே குத்தகைக்கு விட்டு மணி நேரத்தைக் கூட்டலாம். ஆனால் பாலிசி வணிகக் கணக்குக்கு மாறும், பிரீமியம் ஏறும், 100 மணி நேரத்துக்கு ஒரு சோதனையும் கட்டாயமாகும்.

நாலு பேர் சேர்ந்து வாங்குவது இன்னொரு வழி. ஓவர்ஹால், ஹேங்கர், இன்சூரன்ஸ் எல்லாம் நாலாகப் பிரியும். பிரீமியத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அந்த நாலு பேரில் அனுபவம் மிகக் குறைந்தவர்தான். அதனால் கூட்டில் கையெழுத்துப் போடும் முன்பு மற்ற மூவரின் லாக்புக்கையும் (பறந்த மணி நேரத்தை எழுதி வைக்கும் புத்தகம்) கேட்டு வாங்கி, பக்கம் பக்கமாகப் பாருங்கள். அப்புறம் அந்த நாலு பெயரையும் கொடுத்து இன்சூரன்ஸ் புரோக்கரிடம் எழுத்தில் ஒரு விலை வாங்குங்கள். முன்பணம் கொடுப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.