தராசில் வைத்த நெஞ்சு

அனைவருக்கும் வணக்கம்.

செத்த பிறகு என்ன ஆகும் என்ற கேள்வி எல்லா நாட்டிலும் உண்டு. பழைய எகிப்தியர்கள் அதற்குப் பதிலாக ஒரு படம் வரைந்து வைத்தார்கள். இன்று அந்த ஒரு படத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் பாப்பிரஸ் என்ற கோரைத்தாளில் எழுதிய ஒரு சுருள் இருக்கிறது. கி.மு. 1250 வாக்கில் அனி என்ற அரசு எழுத்தருக்காக எழுதியது. 1888-இல் மியூசியத்துக்காக வாங்கினார்கள். ஏறக்குறைய 24 மீட்டர் நீளம். அதில் ஒரு காட்சி. அனியும் அவர் மனைவியும் ஒரு ஓரமாகக் குனிந்து நிற்கிறார்கள். நடுவில் பெரிய தராசு. ஒரு தட்டில் சின்னக் குடம் போல அனியின் இதயம், மறு தட்டில் ஒரு தீக்கோழி இறகு. நரித்தலைத் தெய்வம் அனுபிஸ் மண்டியிட்டுத் தராசைச் சரிபார்க்கிறார். அரிவாள்மூக்கன் பறவையின் தலையோடு எழுத்துத் தெய்வம் தோத் கணக்கு எழுதுகிறார். அவருக்குப் பின்னால், தராசில் தேறாத இதயத்தைத் தின்ன அம்மித் என்ற பூதம் காத்திருக்கிறது: முதலை முகம், சிங்க உடம்பு, நீர்யானைப் பின்பக்கம். நைல் கரையில் மனிதன் எதற்கெல்லாம் பயந்தானோ அதையெல்லாம் ஒன்றாகத் தைத்த உருவம்.

அந்த இறகு மாஅத் தேவியுடையது. மாஅத் என்றால் உண்மை, நீதி, உலகம் ஒழுங்காக நடப்பது எல்லாம் சேர்ந்தது. நம் மொழியில் அறம் என்ற சொல் அதற்குப் பக்கத்தில் வரும். இதயம் இறகைவிட லேசாக இருக்க வேண்டும் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். படத்தைப் பாருங்கள், இரண்டு தட்டும் சமமாக நிற்கின்றன. அறத்தோடு சமமாக நின்றாலே போதும் என்பதுதான் அங்கே கணக்கு. எனக்கு இது மிகவும் பிடித்த இடம்.

சரி, இதயம் ஏன்? உடலைப் பதப்படுத்தும்போது மூளையை எடுத்து எறிந்துவிடுவார்கள். ஈரல், குடல், நுரையீரல், இரைப்பையைத் தனியே பாதுகாப்பார்கள். இதயத்தை மட்டும் உடம்புக்குள்ளேயே விட்டுவைப்பார்கள். நினைவும் குணமும் அங்கேதான் இருக்கின்றன என்று நம்பினார்கள். "நெஞ்சைத் தொட்டுச் சொல்" என்று கேட்கிற நமக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ஆனால் அவர்களுக்கு அந்த நெஞ்சின் மேலேயே ஒரு பயம் இருந்தது. சாண வண்டு வடிவில் செதுக்கிய பச்சைக்கல் ஒன்றைப் பிணத்தின் மார்பில் வைப்பார்கள். அதன் அடியில் ஒரு மந்திரம் இருக்கும். தாயிடமிருந்து வந்த என் நெஞ்சே, எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல எழாதே, தராசுக்காரர் முன்னால் என்னைப் பகைக்காதே என்பது அதன் சாரம். கடவுளிடம் கெஞ்சலாம். தன் நெஞ்சிடமே கெஞ்ச வேண்டியிருந்தது என்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கலங்கும். ஊரார் அறியாததை அது அறியும் அல்லவா?

அப்புறம் செத்தவர் 42 தெய்வங்கள் முன்னால் தான் செய்யாத குற்றங்களைச் சொல்ல வேண்டும். களவு, கொலை போன்றவை எந்த ஊர்ப் பட்டியலிலும் இருக்கும். அதே பகுதியில் வருகிற வேறு சில வரிகளைக் கேளுங்கள்: யாரையும் அழவைக்கவில்லை. குழந்தையின் வாயிலிருந்து பாலைப் பறிக்கவில்லை. தராசில் ஏமாற்றவில்லை. ஓடுகிற தண்ணீருக்குக் குறுக்கே அணை போடவில்லை. ஆற்றை நம்பிப் பிழைத்த மண்ணிலிருந்துதான் கடைசி வரி வந்திருக்க முடியும்.

செத்தவரோடு வைத்த இப்படிப்பட்ட சுருள்களில் பல முன்கூட்டியே எழுதி வைத்தவை. பெயருக்கு இடம் விட்டிருப்பார்கள், வாங்குகிறவரின் பெயரைப் பிறகு நிரப்புவார்கள். அனியின் சுருளிலேயே சில பகுதிகள் அப்படித்தான். செய்தவருக்கும் செய்யாதவருக்கும் ஒரே வாசகம், காசு இருந்தால் போதும். காசில்லாத உழவனைப் பாலைமணலில் குழி தோண்டிப் புதைத்தார்கள். அவனுக்குச் சுருளும் இல்லை, மார்பில் பச்சைக்கல்லும் இல்லை. தண்ணீரை மறிக்கவில்லை என்று ஒருவர் எழுதி வாங்கிக்கொண்டு போனாரே, அந்தத் தண்ணீருக்காக வாய்க்கால் கரையில் காத்து நின்றவன் அவன்தான்.