சலவை நோட்டைச் சலவை செய்யாதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

வங்கியிலிருந்து வரும் புத்தம்புது நோட்டை நாம் சலவை நோட்டு என்கிறோம். ஆனால் பழைய நோட்டு சேகரிப்பவர்களுக்குச் சலவையைப் போல் கேடு வேறு இல்லை. என் கைப்பணத்தைக் கொடுத்துக் கற்றுக்கொண்ட பாடம் இது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கண்காட்சியில் 1938-ஆம் ஆண்டின் ஐந்து ரூபாய் நோட்டு ஒன்றை வாங்கினேன். ரிசர்வ் வங்கி முதன்முதலில் வெளியிட்ட நோட்டு அது. அன்றைய மன்னர் ஆறாம் ஜார்ஜ் படமும் ரிசர்வ் வங்கி கவர்னர் டெய்லரின் கையெழுத்தும் இருக்கும். விற்றவர் யூ.என்.சி. என்றார். அதாவது, யார் கையிலும் புழங்காதது, ஒரு மடிப்புகூட இல்லாதது. மேலே இருந்த குழல்விளக்கு வெளிச்சத்தில் எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து அறையை இருட்டாக்கி, டார்ச்சை மேசையோடு மேசையாகப் படுக்க வைத்துப் பார்த்தேன். நோட்டின் நடுவில் மேலிருந்து கீழாக மெல்லிய நிழல் ஒன்று ஓடியது. அதன் இருபுறமும் பக்கத்துக்கு ஒன்றாக இன்னும் இரண்டு. நான்காக அழுத்தி மடித்து யாரோ சட்டைப்பையில் வைத்திருந்த நோட்டு. அப்புறம் பின்பக்கத்தை விரலால் தடவினேன். எண் அச்சான இடத்தில் புது நோட்டில் லேசாக மேடு தட்டும். இதில் வழவழவென்று இருந்தது. தண்ணீரில் நனைத்து இஸ்திரி போட்டிருக்கிறார்கள்.

தரம் பிரிப்பதில் பாதி வேலை மடிப்பை எண்ணுவதுதான். நடுவில் ஒரே ஒரு லேசான மடிப்பு என்றால் ஏ.யூ., அதாவது கிட்டத்தட்டப் புழங்காதது. லேசான மடிப்பு மூன்று வரை, அல்லது அழுத்தமான மடிப்பு ஒன்று இருந்தால் எக்ஸ்.எஃப்., அதாவது மிக மிக நல்ல நிலை. அதற்கும் மேல் மடிப்பு இருந்தும் தாளில் கொஞ்சம் மொடமொடப்பு மிச்சமிருந்தால் வி.எஃப்., அதாவது மிக நல்ல நிலை. துணி மாதிரி துவண்டுவிட்டால் இன்னும் கீழே. வெளிநாட்டு நிறுவனங்கள் 70 வரை மதிப்பெண் போட்டு உறையில் அடைத்துத் தருகின்றன. சரி, அதுவும் உதவிதான். ஆனாலும் உங்கள் கண்ணும் விரலும் முதலில் பழகட்டும்.

நம் நோட்டுகளுக்கென்று ஒரு தனிச் சங்கதி உண்டு: ஸ்டேப்ளர் பின் போட்ட துளை. நூறு நூறாக அடுக்கி ஸ்டேப்ளர் பின் அடித்துத்தான் அந்தக் காலத்தில் கட்டுகள் வந்தன. பின் அடிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2001-இல்தான் வங்கிகளுக்கு உத்தரவிட்டது. அதனால் ஒருமுறைகூடப் புழங்காத பழைய நோட்டிலும் இடது ஓரத்தில் இரண்டு துளை இருக்கும். அதைக் குறையென்று ஒதுக்காதீர்கள். துளையைச் சுற்றித் துரு படர்ந்திருந்தாலோ, பின்னைப் பிடுங்கியதில் தாள் கிழிந்திருந்தாலோ, அது வேறு கணக்கு. துளையைப் பசை வைத்து அடைத்திருந்தால் நான் வாங்கவே மாட்டேன்.

உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் தாத்தா வைத்த நோட்டு ஏதாவது கிடைத்தால், எப்படிக் கிடைத்ததோ அப்படியே விடுங்கள். அழுக்கிருந்தால் இருக்கட்டும். ரப்பர் போட்டுத் தேய்க்காதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள். நெகிழ்வான பி.வி.சி. உறை நாளடைவில் கசிந்து தாளில் பிசுபிசுப்பு ஏற்றிவிடும். மைலார் என்ற பாலியெஸ்டர் உறை வாங்குங்கள். நம் ஊர் மழைக்காலத்தில் ஈரம் புகாத இடமாகப் பார்த்து வையுங்கள், இல்லாவிட்டால் பழுப்புப் புள்ளி விழும்.

அந்த ஐந்து ரூபாய் நோட்டை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. "வி.எஃப்., நனைத்து இஸ்திரி போட்டது" என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, உறைக்குள் நோட்டோடு சேர்த்து வைத்திருக்கிறேன். யார் கேட்டு வந்தாலும் முதலில் அந்தச் சீட்டைத்தான் படிக்கக் கொடுக்கிறேன்.

வணக்கம்.