டெபியனில் வைஃபை வரவில்லையா? கார்டின் எண்ணை முதலில் பாருங்கள்

அடுத்த கேள்வி, கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி அனுப்பியது. "அண்ணா, வீட்டில் கிடந்த பழைய லேப்டாப்பில் டெபியன் 12 லினக்ஸ் போட்டேன். எல்லாம் நன்றாக ஓடுகிறது, வைஃபை மட்டும் இல்லை. தேடிக் கிடைத்த கட்டளைகளை எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டேன். ஒரு டிரைவரை ஏற்றினேன், சரிவரவில்லை என்று நீக்கிவிட்டேன். கார்டு போய்விட்டதா?" என்று கேட்கிறார். டெர்மினல் படம் ஒன்றும் அனுப்பியிருக்கிறார்.

கார்டு போகவில்லை தம்பி. போயிருந்தால் நீங்கள் அனுப்பிய படத்தில் பெரும்பாலும் அதன் பெயரே வந்திருக்காது. கணினியில் உள்ள கார்டுகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்பிசிஐ' கட்டளையை 'என்என்கே' என்ற எழுத்துகளோடு போட்டிருக்கிறீர்கள், ரொம்ப நல்ல வேலை. அதில் 'நெட்வொர்க் கண்ட்ரோலர்' என்ற வரியின் கடைசியில் சதுர அடைப்புக்குள் 14இ4:4315 என்று இருக்கிறது, பாருங்கள். முன்பாதி பிராட்காம் நிறுவனத்தின் எண். பின்பாதி, இது பிசிஎம்4312 என்ற சிப் என்று சொல்கிறது. தேடும்போது இந்த எண்ணைப் போட்டுத் தேடுங்கள், லேப்டாப் மாடலைப் போடாதீர்கள். ஒரே மாடல் லேப்டாப்பில் ஒருவருக்கு இன்டெல் கார்டு இருக்கும், இன்னொருவருக்கு பிராட்காம் இருக்கும். அவருக்குச் சரியான கட்டளை உங்களுக்குச் சரிவராது.

அதே படத்தில் இன்னொரு விஷயம். இந்தக் கார்டுக்குக் கீழே 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' என்று ஒரு வரி வரவேண்டும். உங்களுக்கு அந்த வரியே இல்லை. கார்டு இருக்கிறது, அதை எடுத்து நடத்த டிரைவர் வரவில்லை. ஏன் வரவில்லை?

இந்தச் சிப்புக்கு இரண்டு டிரைவர்கள் உண்டு. ஒன்று, பிராட்காம் தானே கொடுத்த 'டபிள்யூஎல்'. டெபியனில் 'பிராட்காம்-எஸ்டிஏ-டிகேஎம்எஸ்' என்ற பெயரில் வரும். நீங்கள் ஏற்றிவிட்டு நீக்கியது இதைத்தான் என்று நினைக்கிறேன். இன்னொன்று, லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலிலேயே இருக்கும் 'பி43'. இரண்டும் ஒரே கார்டுக்குப் போட்டி போடக்கூடாது என்பதற்காக, முதலாவதை ஏற்றும்போது அது பி43-ஐத் தடைப்பட்டியலில் எழுதிவைத்துவிடும். 'ஆப்ட் ரிமூவ்' போட்டால் டிரைவர் போகும், ஆனால் அந்தத் தடைக் கோப்பு, அமைப்புக் கோப்புகள் இருக்கும் 'ஈடிசி' அடைவில் அப்படியே கிடக்கும். இதுவும் இல்லை, அதுவும் வராது. 'ரிமூவ்' என்பதற்குப் பதிலாக 'பர்ஜ்' என்று போடுங்கள், அமைப்புக் கோப்புகளும் சேர்ந்து போகும். அப்புறம் ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

திரும்பி வந்ததும் வைஃபை வந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள், இன்னும் ஒரு படி இருக்கிறது. நிர்வாகி உரிமை தரும் 'சூடோ'வைச் சேர்த்து, கெர்னலின் செய்திகளைக் காட்டும் 'டிஎம்இஎஸ்ஜி' கட்டளையைப் போட்டு 'பி43' என்று வரும் வரிகளைப் பாருங்கள். 'யூகோட்15' என்ற ஃபெர்ம்வேர் கோப்பு கிடைக்கவில்லை என்று சிவப்பில் ஒரு பிழை வரும். அந்தப் பிழையைப் பார்த்தால் சந்தோஷப்படுங்கள். டிரைவர் எழுந்து வந்து தனக்கு என்ன வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்கிறது.

ஃபெர்ம்வேர் என்பது கார்டுக்குள்ளே இருக்கும் குட்டிச் செயலிக்கான நிரல். இந்தக் கார்டில் அது நிரந்தரமாகத் தங்காது, ஒவ்வொரு முறையும் கணினிதான் ஊட்ட வேண்டும். "டெபியன் 12-இல் ஃபெர்ம்வேர் எல்லாம் சேர்த்தே வருகிறதே" என்று நீங்கள் கேட்கலாம். 2022-இல் டெபியன்காரர்கள் ஓட்டெடுப்பு நடத்தி அப்படி முடிவெடுத்தார்கள், 2023 ஜூனில் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து அது நடைமுறை. ஆனால் இந்த ஒன்றை அவர்களால் சேர்க்க முடியவில்லை. காரணம், மற்றவர்கள் இதை விநியோகிக்க பிராட்காம் அனுமதி தரவில்லை. பி43 டிரைவரே அப்படிப் பிறந்ததுதான். நிறுவனம் ஆவணம் எதுவும் தராததால், ஒரு குழு பழைய டிரைவரை அலசி அது எப்படி வேலை செய்கிறது என்று எழுதிவைத்தது. வேறொரு குழு அந்தக் குறிப்பை மட்டும் பார்த்து டிரைவரை எழுதியது. 2008 தொடக்கத்தில் வந்த 2.6.24 கெர்னலில் அது சேர்ந்தது. உங்கள் பழைய லேப்டாப் இன்றைக்கும் இணையத்தைத் தொட முடிகிறது என்றால் அந்த மனிதர்களின் உழைப்பால்தான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறையும்.

சரி, அந்தக் கோப்பை எப்படிக் கொண்டுவருவது? 'ஃபெர்ம்வேர்-பி43-இன்ஸ்டாலர்' என்று ஒரு பேக்கேஜ் இருக்கிறது. அதற்குள் ஃபெர்ம்வேர் இல்லை. இணையத்திலிருந்து பழைய டிரைவரை இறக்கி, அதிலிருந்து தேவையான பகுதியை வெட்டி எடுத்து வைக்கும். இணையம் வர இது வேண்டும், இது வர இணையம் வேண்டும். சாவியை உள்ளே வைத்துப் பூட்டிய கதை. லேன் கேபிள் இருந்தால் செருகுங்கள். இல்லை என்றால் ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து, 'யூஎஸ்பி டெதரிங்'கை ஆன் செய்யுங்கள். தனியாக எந்த டிரைவரும் வேண்டாம், டெபியன் அதை ஒரு லேன் இணைப்பாக எடுத்துக்கொள்ளும்.

பலர் சறுக்குவது அடுத்த இடத்தில். இந்தப் பேக்கேஜ் 'கான்ட்ரிப்' என்ற பிரிவில் இருக்கிறது. டெபியன் 12-ஐ வழக்கமாக நிறுவினால் அந்தப் பிரிவு, பேக்கேஜ்களை எங்கிருந்து எடுப்பது என்று சொல்லும் 'சோர்சஸ் லிஸ்ட்' கோப்பில் இருக்காது. அதனால் பேக்கேஜே கிடைக்கவில்லை என்று சொல்லும். அந்தக் கோப்பைத் திறந்து, 'மெயின்' என்று வரும் இடங்களில் எல்லாம் பக்கத்தில் 'கான்ட்ரிப்' சேர்த்து, 'ஆப்ட் அப்டேட்' கொடுத்துவிட்டு, அப்புறம் நிறுவுங்கள். முடிந்ததும் இன்னொரு ரீஸ்டார்ட்.

அதற்கும் பிறகு வைஃபை பெயர்கள் வரவில்லை என்றால் 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' போடுங்கள், வைஃபை அணைத்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று அது காட்டும். 'சாஃப்ட் பிளாக்ட்: யெஸ்' என்றால் 'ஆர்எஃப்கில் அன்பிளாக் வைஃபை' போதும். 'ஹார்ட் பிளாக்ட்: யெஸ்' என்றால் கட்டளையால் ஒன்றும் ஆகாது. பழைய லேப்டாப்களில் முன்பக்கத்திலோ பக்கவாட்டிலோ வைஃபைக்கு ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும், அதை விரலால் தள்ளிவிடுங்கள். சிலவற்றில் அது எஃப்என் விசையோடு சேர்ந்து இருக்கும்.

இவ்வளவும் செய்த பிறகு 'டிஎம்இஎஸ்ஜி'யில் பி43 என்று வரும் வரிகளை மட்டும் எனக்கு அனுப்புங்கள் தம்பி. வேறு எந்தக் கட்டளையும் அதுவரை போட வேண்டாம்.