மதில்மேல் நிற்கட்டும் கேமரா

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

"கருக்கலைப்பைப் பற்றி ஆவணப்படம் எடுப்பவர் ஏதாவது ஒரு பக்கம் சேர்ந்தே ஆக வேண்டும், நடுநிலை என்பது மதில்மேல் பூனை" என்று முழங்கிவிட்டு அமர்ந்திருக்கிறார் எதிரணித் தலைவர். கைதட்டலும் வாங்கிவிட்டார். இருக்கட்டும். மதில்மேல் ஏறிய பூனைக்குத்தானே ஐயா இரண்டு வீட்டு முற்றமும் தெரியும்?

அமெரிக்காவில், புளோரிடா மாநிலத்தில் ஃபோர்ட் பியர்ஸ் என்றோர் ஊர். அங்கே ஒரு தெருமுனையில் கருக்கலைப்பு மருத்துவமனை. எதிர்ச்சாரியில், கருவைக் கலைக்க வரும் பெண்களின் மனத்தை மாற்றுவதற்கென்றே ஓர் ஆலோசனை மையம். ஹைடி யூவிங், ரேச்சல் கிரேடி என்ற இரண்டு பெண் இயக்குநர்கள் இரண்டு கட்டடங்களுக்குள்ளும் கேமராவோடு போனார்கள். தெருமுனையின் பெயரே படத்தின் பெயர்: '12த் அண்ட் டெலவேர்', 2010. மருத்துவமனைக்கு வரும் மருத்துவர் காருக்குள் துணியைப் போர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டு வருகிறார். வெளியே பதாகைகளோடு கூட்டம். அந்தத் துணி ஒன்று போதாதா? அதற்கு மேல் வசனம் எதற்கு?

எதிரணியினர் கேட்பதுபோல் பக்கம் சேர்ந்த படமும் உண்டு. 1984இல் வந்த 'தி சைலன்ட் ஸ்க்ரீம்' ஸ்கேன் படத்தைக் காட்டி, கரு அலறுகிறது என்றது. அது தவறான விளக்கம் என்று மருத்துவர்கள் பலர் மறுத்தார்கள். படம் எதைப் பற்றியது என்பதே போய், படம் உண்மையா என்பதே சண்டையாயிற்று.

டோனி கேயின் 'லேக் ஆஃப் ஃபயர்' 2006இல் வெளியானது. ஏறக்குறைய 17 ஆண்டு உழைப்பு, முழுக்கக் கறுப்பு வெள்ளை. கருக்கலைப்பு செய்யும் மருத்துவர்களைக் கொல்வது நியாயமே என்று வாதாடிய பால் ஹில்லை அதில் பார்க்கலாம். அவரேதான் 1994இல் பென்சகோலாவில் ஒரு மருத்துவரையும் அவருக்குத் துணையாக வந்தவரையும் சுட்டுக் கொன்றார். அதே படத்தில், சிகிச்சை முடிந்த பிறகு கருவின் பகுதிகளை மருத்துவர் சரிபார்ப்பதையும் கேமரா விலகாமல் பார்க்கிறது. என் மனம் பெண்ணின் உரிமைப் பக்கம்தான். அதை இந்த அவையில் ஒளிக்க மாட்டேன். ஆனாலும் அந்தக் காட்சியை வெட்டியிருக்க வேண்டும் என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை.

மணி அடித்துவிட்டது நடுவரே, முடித்துவிடுகிறேன். கையில் கொடியோடு போயிருந்தால் ஃபோர்ட் பியர்ஸில் அந்த ஆலோசனை மையத்தின் கதவு திறந்திருக்குமா? எதிரணியில் அடுத்துப் பேச வருபவர் இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்.