மூடித் திறக்கும் முகட்டின் கீழ்

அவைத்தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் ஆசிரியப் பெருமக்களே, ஊரவர்களே, மாணவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ரொறன்ரோ நகரில் 1989ஆம் ஆண்டு ஸ்கைடோம் என்ற பெயருடன் திறக்கப்பட்ட விளையாட்டரங்கைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். 2005ஆம் ஆண்டிலிருந்து அதற்கு ரொஜர்ஸ் சென்டர் என்று பெயர். ஆனாலும் அங்கே ஒன்பது ஆண்டுகள் துப்புரவுத் தொழிலாளியாக வேலை செய்தவன் என்ற உரிமையோடு நான் பழைய பெயரைத்தான் சொல்வேன். அந்த நகரத்தில் என் வயதொத்தவர்கள் பலரும் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள். கடலும் வானமும் திறந்து கிடக்கும் இந்தத் திருகோணமலையில் நின்றுகொண்டு, கூரை போட்ட ஒரு மைதானத்தைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். ஐப்பசியில் தொடங்கி மார்கழி முடியும்வரை மழை எப்போது வந்து ஆட்டத்தைக் கலைக்கும் என்று வானத்தைப் பார்த்தபடியே உதைபந்து விளையாடி வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தக் கட்டிடத்தின் அருமை எங்களுக்கு விளங்காவிட்டால் வேறு யாருக்கு விளங்கும்?

அந்தக் கூரை எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன்பு அந்த நகரத்தின் பேஸ்போல் அணியான புளூ ஜேய்ஸ், ஒன்ராறியோ ஏரிக்கரையில் இருந்த எக்சிபிஷன் மைதானத்தில் விளையாடியது. 1977ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் திகதி அந்த அணியின் முதலாவது ஆட்டம் நடந்தபோது தரை முழுவதும் பனி விழுந்து கிடந்தது. ஐஸ் ஹொக்கி அரங்கிலிருந்து பனித்தளம் துடைக்கும் இயந்திரத்தைக் கடன் வாங்கி வந்து தரையைத் துப்புரவாக்கித்தான் ஆடினார்கள். ஏரிக்காற்றும் கடற்காகங்களும் அந்த மைதானத்தில் எப்போதும் இருந்தன. நான் அங்கு போவதற்கு முன் நடந்த இக்கதைகளை என்னோடு வேலை செய்த பழையவர்கள் எனக்குச் சொல்லித் தந்தார்கள். 1982ஆம் ஆண்டு நவம்பரில் கனடிய உதைபந்தாட்டத்தின் கிரே கிண்ண இறுதியாட்டம் அங்கே நடந்தது. இந்த உதைபந்தாட்டம் எங்களுடையதைப் போன்றதன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். அன்றைக்குக் குளிர்மழை கொட்டியது. ஐம்பத்து நாலாயிரம் பேருக்கு மேல் வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் நனைந்து நடுங்கிய அந்த ஆட்டத்தை மாகாண முதல்வர் பில் டேவிஸும் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் நகரசபை முன்றலில் கூடிய மக்கள், தோற்றுப்போன தங்கள் அணியை வாழ்த்த வந்த இடத்தில், எங்களுக்குக் கூரை போட்ட அரங்கு வேண்டும் என்று குரலெழுப்பினார்கள். ஏழு ஆண்டுகளில் அது எழுந்து நின்றது.

அந்தக் கூரையை நான் எப்படி விவரிப்பது? எங்கள் வீடுகளில் ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் அடுக்குச்சட்டிகள் இருந்தன அல்லவா, அவற்றைக் கவிழ்த்து வைத்ததுபோல் நினைத்துக்கொள்ளுங்கள். நான்கு பெரிய உருக்குப் பாகங்கள். அவற்றில் ஒன்று அசையாது; இரண்டு தண்டவாளத்தின்மேல் நேராக நகரும்; மற்றது அரைவட்டமாகச் சுழன்று வரும். கட்டிடக்கலைஞர் ரொட் ரொபியும் பொறியியலாளர் மைக்கல் அலனும் சேர்ந்து இதை வடிவமைத்தார்கள். ஏறத்தாழ 11,000 தொன் எடையுள்ள அந்தக் கூரை முழுவதும் இருபது நிமிடங்களில் திறந்துவிடும். திறப்பு விழா நடந்த ஜூன் 3ஆம் திகதி இரவு மழை பெய்துகொண்டிருந்தபோதும் திட்டமிட்டபடியே கூரையைத் திறந்தார்கள். கூரை கேட்டுப் போராடிய மக்கள் கூரைக்குக் கீழேயே அன்று நனைந்தார்கள். ஆனாலும் யாரும் அதைக் குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அப்படியொரு வானம் திறப்பதை அவர்கள் அதற்கு முன் பார்த்ததில்லை.

கூரை நகரும்போது பெரிய இரைச்சல் இருக்கும் என்று எண்ணி முதல் நாள் நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். இரைச்சல் இல்லை. பச்சைத் தரையின்மேல் ஒரு நிழற்கோடு மெல்ல மெல்ல நகர்ந்து போவதைப் பார்த்துத்தான் மேலே ஏதோ நடக்கிறது என்று அறியலாம். கொட்டியாரக் குடாவின்மேல் முகில் நிழல் நகருவதைக் கரையிலிருந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்வது தெரியும். அந்த நிழற்கோட்டைக் கண்ட அன்றுதான், வந்து பல மாதங்களாக எனக்கு அந்நியமாக இருந்த அந்த நகரம் முதன்முதலாக மனதுக்கு நெருக்கமாயிற்று.

நாடு நிலைகுலைந்திருந்த காலத்தில் போனவன் நான். 1989ஆம் ஆண்டு செப்டெம்பரில் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகுதான் எங்கள் வேலை தொடங்கும். ஆனால் நேரத்தோடு வந்து, ஐந்நூறாம் தட்டு என்று சொல்லப்படும் மிக உயரமான வரிசைகளின் வாசலில் நின்று ஆட்டத்தின் கடைசிப் பகுதியைப் பார்ப்பதை மேற்பார்வையாளர்கள் தடுக்கவில்லை. விடிய விடிய நாங்கள் கூட்டிப் பெருக்கியவற்றில் பெரும்பகுதி கச்சான் கோது. கோயில் திருவிழா முடிந்த மறுநாள் காலையில் வீதி எப்படிக் கிடக்குமோ அப்படித்தான் கிடக்கும் அந்த வரிசைகள். சில மாதங்கள் போன பிறகு, கோதைப் பார்த்தே ஆட்டம் எப்படி நடந்தது என்று என்னால் சொல்ல முடிந்தது. இலகுவாக வென்ற நாளில் கோது எங்கும் பரவிக் கிடக்கும். இழுபறியாக நடந்த நாளில் ஒவ்வோர் இருக்கையின் காலடியிலும் சிறு சிறு குவியலாக இருக்கும். மனிதர்கள் எழும்பாமல், கண்ணை எடுக்காமல், கையை மட்டும் அசைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள் என்று பொருள்.

பேஸ்போலை எனக்கு விளங்கவைத்தது எங்கள் எல்லே விளையாட்டு. புத்தாண்டுக் காலத்தில் இந்த ஊர்களில் எல்லே ஆடியவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். அடித்துவிட்டு, இடம் இடமாகத் தொட்டுச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவதுதான் இரண்டிலும் ஓட்டம். எல்லேயில் ஓடுபவர்மேல் பந்தை எறிவோம். பேஸ்போலில் பந்தைப் பிடித்தவர் ஓடுபவரைத் தொடவேண்டும், அல்லது அவருக்கு முன்னால் அந்த இடத்தைத் தொடவேண்டும். பந்தைத் தடுப்பார் எட்டாத தூரத்துக்கு, பார்வையாளர் நடுவே விழும்படி அடித்துவிட்டால், அவசரமின்றிச் சுற்றி வரலாம். அதற்கு ஹோம் ரன் என்று பெயர். நான் சேர்ந்த அடுத்த மாதமே, ஓக்லண்ட் அணியின் ஹோசே கன்செக்கோ என்பவர் அடித்த பந்து நான் நிற்கும் ஐந்நூறாம் தட்டிலேயே வந்து விழுந்தது. அவ்வளவு உயரத்துக்கு அதற்கு முன் யாரும் அங்கே அடித்ததில்லை. எதிரணிக்காரர் அடித்த பந்துதான். இருந்தாலும் எங்கள் தட்டுக்கு வந்த பந்து என்று பல நாள் கதைத்தோம்.

கூட்டம் எவ்வளவு வந்தது என்று இளையவர்கள் கேட்பார்கள். 1991ஆம் ஆண்டில் புளூ ஜேய்ஸ் அணி தன் சொந்த மைதானத்தில் ஆடிய ஆட்டங்களுக்கு நாற்பது இலட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். பேஸ்போல் வரலாற்றில் அந்த எண்ணிக்கையைத் தாண்டிய முதல் அணி அதுதான். மல்யுத்தம், வாகனக் காட்சிகள், இசை நிகழ்ச்சிகள் என்று மற்றவையும் நடந்தன. அவற்றின் இரைச்சல்தான் எனக்கு நினைவிருக்கிறது.

1992ஆம் ஆண்டு ஒக்டோபர் 20ஆம் திகதி, உலகத் தொடர் எனப்படும் இறுதிப்போட்டியின் ஆட்டமொன்று முதல் முறையாக அமெரிக்காவுக்கு வெளியே நடந்தது. அது நடந்த இடம் ஸ்கைடோம். அந்த ஆண்டு எங்கள் அணி கிண்ணத்தை வென்றது அட்லாண்டாவில். அதனால் வெற்றியின் கடைசிக் கணத்தை நாங்கள் தொலைக்காட்சியில்தான் கண்டோம். அடுத்த ஆண்டு அப்படியன்று. 1993ஆம் ஆண்டு ஒக்டோபர் 23ஆம் திகதி, சனிக்கிழமை இரவு, பிலடெல்பியா அணியுடன் ஆறாவது ஆட்டம். கடைசி இன்னிங்ஸில் எதிரணி 6க்கு 5 என்று முன்னிலையில் இருக்கிறது. நான் வழக்கமான வாசலில், கையில் தும்புத்தடியுடன் நிற்கிறேன். ரிக்கி ஹென்டர்சனும் போல் மொலிற்றரும் பாதி வழியில் நிற்க, மிட்ச் வில்லியம்ஸ் வீசிய பந்தை ஜோ கார்ட்டர் அடித்தார். இடதுபக்க மதிலுக்கு அப்பால் பந்து போனது. 8க்கு 6. உலகத் தொடர் ஒன்று ஹோம் ரன்னால் முடிந்தது அதற்கு முன் ஒரே ஒரு முறைதான், 1960இல்.

கார்ட்டர் ஓடினார் என்று சொல்ல முடியாது. சிறுபிள்ளையைப் போலத் துள்ளித் துள்ளிச் சுற்றி வந்தார். 52,000க்கு மேற்பட்டவர்கள் எழுப்பிய அந்த ஒலி காதில் கேட்டதைவிடக் கால்வழியாகத்தான் எனக்குத் தெரிந்தது. நின்ற கொங்கிரீட் தரை அதிர்ந்தது. எனக்கு முன்னால் இருந்த முதியவர் திரும்பி, யாரென்று பாராமல் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. என்னுடையது அவருக்குத் தெரியாது. ஊரைவிட்டுப் போன பிறகு என்னை ஒருவர் கட்டிப்பிடித்தது அன்றுதான். அந்த இரவு கூட்டம் கலைய நெடுநேரமாயிற்று. நாங்கள் வேலை தொடங்கியபோது நள்ளிரவு தாண்டிவிட்டது, விடிந்தும் முடியவில்லை, யாரும் முணுமுணுக்கவும் இல்லை.

1997ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் திகதி அங்கே ஓர் ஓட்டப்போட்டி நடந்தது. அட்லாண்டா ஒலிம்பிக்கில் 100 மீற்றரை 9.84 செக்கனில் ஓடி வென்ற டொனவன் பெய்லியும், 200 மீற்றரை 19.32 செக்கனில் ஓடி வென்ற மைக்கல் ஜோன்சனும், இரண்டுக்கும் நடுவான 150 மீற்றர் தூரம் ஓடினார்கள். பெய்லி ஜமைக்காவில் பிறந்து, சிறுவனாகக் கனடாவுக்கு வந்தவர். எங்களோடு வேலை செய்த ஜமைக்கா நண்பர்கள் அன்று பெருநாளுக்கு உடுப்பதுபோல உடுத்து வந்தார்கள். ஜோன்சன் தொடைத்தசை பிடித்துப் பாதியில் நின்றுவிட, பெய்லி 14.99 செக்கனில் முடித்தார். பந்தயமாகப் பார்த்தால் அது நிறைவானதன்று. ஆனால் வந்துசேர்ந்தவர் ஒருவரை அந்த நகரம் தன் பிள்ளை என்று எழுந்து நின்று அழைத்ததை நான் அன்று என் காதால் கேட்டேன்.

அடுத்த ஆண்டு செப்டெம்பரில் நெல்சன் மண்டேலா அவர்கள் அங்கே வந்தார். அவரைக் காண நாற்பதினாயிரத்துக்கும் அதிகமான பாடசாலைப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். இருபத்தேழு ஆண்டுகள் சிறையில் இருந்த மனிதர் அந்தப் பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை நான் தூரத்திலிருந்துதான் கண்டேன். அதைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. சொன்னால் குரல் தளரும். அதற்குச் சில வாரங்களின் பின் நான் அந்த வேலையிலிருந்து விலகினேன்.

அந்த அரங்கின் வெளிச்சுவரில் மைக்கல் ஸ்னோ என்ற கலைஞர் செய்த பொன்னிறச் சிலைகள் உண்டு. அவை வீரர்களின் சிலைகள் அல்ல, பார்வையாளர்களின் சிலைகள்: கையை நீட்டுபவர், கூவுபவர், கண்ணாடி வைத்துப் பார்ப்பவர். ஒரு மைதானத்தின் வாசலில் நிறுத்த அதைவிடப் பொருத்தமான உருவங்களை என்னால் நினைக்க முடியவில்லை. அரங்கைக் கட்ட ஐம்பது கோடி டொலருக்கு மேல் செலவாயிற்று. 2004ஆம் ஆண்டில் இரண்டரைக் கோடி டொலருக்கு அது கைமாறியது. அந்தக் கடன் பொதுமக்கள் தலையில் விழுந்தது தவறு என்று சொல்பவர்களோடு நான் உடன்படுகிறேன். அண்மைய ஆண்டுகளில் உள்ளே நிறைய இடித்துத் திருத்தியிருக்கிறார்கள். சிலைகள் இருக்கின்றன.

ஒரு நாளை மட்டும் கடைசிக்கென்று வைத்திருந்தேன். 1996ஆம் ஆண்டு கோடையில் என் அம்மா இங்கிருந்து என்னைப் பார்க்க வந்திருந்தார். 1994ஆம் ஆண்டு வீரர்களின் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு கூட்டம் குறைந்திருந்ததால் நல்ல இருக்கைக்கு ரிக்கற் கிடைத்தது. கோயில் திருவிழாவைத் தவிர வேறு கூட்டத்தில் இருந்தறியாத அம்மா, சேலையும் தடித்த கம்பளி மேலங்கியுமாக வந்து அமர்ந்தார். ஆட்டத்தை அவர் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரப் பெண்மணிக்குக் கச்சானை நீட்டினார். அந்தப் பெண்மணி தன்னிடமிருந்த இனிப்பை நீட்டினார். ஆட்டத்தின் நடுவே தூறல் விழுந்தது. அம்மா எழும்பிச் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு, "தம்பி, மழை வருகுது, வா, எங்கையாவது ஒதுங்குவம்" என்றார். இருங்கள் அம்மா என்று சொல்லி மேலே காட்டினேன். நிழற்கோடு தரையில் நகரத் தொடங்கியிருந்தது. அம்மா வெகுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நாங்கள் இருந்த இடத்திலையே இருக்கிறம், முகடு எல்லோ எங்களைத் தேடி வருகுது" என்றார்.

ஆட்டம் முடிந்து எல்லோரும் எழும்பியபோது அம்மா மட்டும் குனிந்து, தன் காலடியில் கிடந்த கச்சான் கோதை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கடதாசிப் பையில் போட்டார். நான் ஏனென்று கேட்கவில்லை. அன்றிரவு அந்த வரிசையைக் கூட்டப்போவது யார் என்று அவருக்குத் தெரியும். பக்கத்துப் பெண்மணி சற்று நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவரும் குனிந்து, தன் காலடியில் கிடந்ததைப் பொறுக்கி, அம்மாவின் பையிலேயே போட்டார்.