லெவி கிளம்பிவிட்டார், எனக்கு அந்த 517 நாள் இன்னும் ஆறவில்லை

வணக்கம் மக்களே. முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், இந்த ஜெர்சியைப் பற்றி யாரும் கமெண்ட் போடாதீர்கள். இறுக்கமாக இருக்கிறது, தெரியும். கையைத் தூக்கினால் தொப்பை எட்டிப் பார்க்கிறது, அதுவும் தெரியும். அதனால்தான் கேமராவை வழக்கத்தைவிடக் கொஞ்சம் மேலே வைத்திருக்கிறேன். ஜெர்சி கதைக்கு அப்புறம் வருகிறேன். அது தனிச் சோகம்.

விஷயம் இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2025 செப்டம்பர் 4, வியாழக்கிழமை இரவு. வீட்டில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன், ஃபோன் நிற்காமல் கத்துகிறது. எடுத்துப் பார்த்தால் நம்ம லண்டன் கால்பந்து கிளப் டாட்டன்ஹாமின் சேர்மன் பதவியிலிருந்து டேனியல் லெவி விலகிவிட்டார். தோசை தீய்ந்துவிட்டது. 2001இல் வந்த மனிதர் மக்களே! நான் அப்போது மூன்றாம் வகுப்பு. கிளப்புக்கு மேனேஜர்கள் வந்தார்கள், போனார்கள், நட்சத்திர ஆட்டக்காரர்கள் பேல் போனான், கேன் போனான், எனக்குக் கல்யாணம் ஆனது, முடி கொட்டியது, லெவி மட்டும் அந்த டைரக்டர் பாக்ஸில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

சேனலில் பழைய ஆட்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்கிறீர்கள், 'ப்ரோ, பார்ட்டி எப்போது?' நியாயம்தான். லெவியைத் திட்டி நான் போட்ட வீடியோக்களை வரிசையாக ஓடவிட்டால் ஒரு ராத்திரி போதாது. ஆனால் செய்தியைப் படித்ததும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பழைய கோபம்தான் திரும்பி வந்தது. தீய்ந்த தோசையைச் சுரண்டிக்கொண்டே 2018ஐ நினைத்துக்கொண்டு நின்றேன்.

புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். பழைய ஆட்கள் ஒரு நிமிடம் பொறுங்கள். 2016-17இல் நாங்கள் 86 புள்ளி எடுத்து இரண்டாம் இடம். எங்கள் பழைய ஸ்டேடியம் ஒயிட் ஹார்ட் லேனில் அந்தக் கடைசி சீசனில் லீக்கில் ஒரு தோல்விகூடக் கிடையாது. அடுத்த வருடம் புது ஸ்டேடியம் முடியாததால் வெம்பிளியில் வாடகைக் குடித்தனம், அப்படியும் மூன்றாம் இடம். கேன், சோன், எரிக்சன், டெலே ஆலி, பின்னால் ஆல்டர்வெய்ரெல்ட், வெர்டோங்கன். பொச்செட்டினோ மாதிரி ஒரு மேனேஜர். இதற்கு மேல் என்ன வேண்டும்? இரண்டு பேர். புதிதாக இரண்டே இரண்டு நல்ல கால்கள்.

ஆகஸ்ட் 9, 2018. ஆட்களை வாங்கி விற்க அனுமதிக்கும் காலத்தைத்தான் விண்டோ என்போம், அந்த வருடம் அது சீசன் தொடங்குவதற்கு முன்பே மூடியது. நம்ம ஊர் நேரம் இரவு ஒன்பதரை. சாயங்காலத்திலிருந்து ஃபோனைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பதரை ஆனது. ஒருவரும் வரவில்லை. பூஜ்யம். இந்த விண்டோ முறை 2003இல் வந்த பிறகு கோடையில் ஒரு ஆளைக்கூட வாங்காத முதல் பிரீமியர் லீக் கிளப் நாங்கள்தான். அதையாவது ஒரு கோப்பை என்று வைத்துக்கொள்ளலாம்.

அதில் எனக்கு இன்றுவரை வயிறு எரிவது, நாங்கள் வாங்கப் பார்த்த ஆஸ்டன் வில்லா பையன் கிரீலிஷ் விஷயம். வில்லா கிளப் அப்போது பணமில்லாமல் தவித்துக்கொண்டிருந்தது. விட்டால் இன்னும் இறங்குவார்கள் என்று லெவி ஆட்கள் பேரம் பேசிக்கொண்டே இருந்தார்கள். ஜூலையில் வில்லாவுக்குப் புதிய முதலாளிகள் வந்தார்கள், கையில் காசு வந்தது, பையனைக் கொடுக்க மாட்டோம் என்றார்கள். கதை முடிந்தது. மூன்று வருடம் கழித்து அதே பையன் 10 கோடி பவுண்டுக்கு மான்செஸ்டர் சிட்டிக்குப் போனான்.

எங்கள் அப்பா இப்படித்தான் காய்கறி வாங்குவார். சந்தை கலைகிற நேரம் பார்த்துத்தான் போவார். 'எட்டு மணிக்கு மேல் கூறு பாதி விலை' என்பார். பையைக் கவிழ்த்தால் நாலு சொத்தைக் கத்தரிக்காய், நசுங்கிய தக்காளி, முற்றிப்போன வெண்டைக்காய். அம்மா ஒவ்வொரு வெண்டைக்காயாக நுனியை ஒடித்துப் பார்ப்பார், ஒடியாது. ஒன்றும் சொல்லாமல் அப்பாவை ஒரு பார்வை பார்ப்பார். லெவியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பை ஞாபகம் வரும்.

ஆறின கஞ்சி பழங்கஞ்சி. அடுத்து 2019 ஜனவரி விண்டோவிலும் ஒருவரும் இல்லை. லூகாஸ் மோராவை வாங்கியது 2018 ஜனவரி 31. அடுத்த ஆள் வந்தது 2019 ஜூலை 2. நடுவில் 517 நாள். எண்ணிப் பார்த்திருக்கிறேன், காலண்டரை வைத்துக்கொண்டு.

ஆங், டெம்பெலேவை விட்டுவிட்டேன் பாருங்கள். வாங்கவில்லை என்பதோடு நிற்கவில்லை, அதே 2019 ஜனவரியில் மூசா டெம்பெலேவைச் சீனாவுக்கு விற்றார்கள். அவனிடமிருந்து பந்தைப் பிடுங்கிய ஒரு ஆளை நான் பார்த்ததில்லை. அவனை விற்றுவிட்டு, அவன் இடத்துக்கு ஆள் எடுக்காமல், அதே சீசனில் சாம்பியன்ஸ் லீக் ஃபைனலுக்குப் போனோம் என்றால் அது அந்தப் பதினோரு பேரின் உழைப்பு.

அந்த செமிஃபைனல், ஆயாக்ஸ் மேட்ச் பற்றி நான் பேசத் தொடங்கினால் நிறுத்த மாட்டேன் என்று தெரியும், சுருக்கமாக. நள்ளிரவு 12.30க்கு ஆட்டம். முதல் பாதியில் இரண்டு கோல் வாங்கி, மொத்தக் கணக்கில் 0-3. நான் படுக்கப் போய்விட்டேன். உண்மையாகவே போர்வையை இழுத்துவிட்டேன். அப்புறம் மனசு கேட்காமல் எழுந்து வந்தால் மோரா ஒன்று, நாலு நிமிடத்தில் இன்னொன்று, 96வது நிமிடத்தில் மூன்றாவது. நான் போட்ட கத்தலில் கீழ்வீட்டுத் தாத்தா டார்ச்சோடு மேலே வந்துவிட்டார், திருடன் என்று நினைத்து.

சரி. மாட்ரிட்டில் லிவர்பூலோடு நடந்த ஃபைனலுக்கு என்ன ஆனது? கேன், விங்க்ஸ் இரண்டு பேரும் ஏப்ரலில் காயம் பட்டவர்கள், நேராக ஃபைனலில்தான் இறங்குகிறார்கள். ஹாட்ரிக் அடித்த மோரா பெஞ்சில். இரண்டாவது நிமிடம் பெனால்டி, சலா. 87இல் ஒரிகி. 0-2. அன்றைக்கு அந்த நடுக்களத்தில் ஒரு புது ஆள், கால் சோராத ஒரே ஒரு ஆள் இருந்திருந்தால்... அதை விடுங்கள், தூக்கம் போய்விடும்.

இந்தப் பக்கத்தையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கமெண்டில் வருவீர்கள். ஸ்டேடியம் கட்டினார். வீட்டைக் கட்டிப்பார் என்று நம்ம ஊரில் சொல்வார்களே, இவர் 62,850 பேர் உட்காரும் வீட்டைக் கட்டினார். செலவு நூறு கோடி பவுண்டு ஒட்டி. கால்பந்துப் புல்தரை அப்படியே உருண்டு உள்ளே போகும், கீழே அமெரிக்கக் கால்பந்துக்குத் தனித் தரை. பியான்சே வந்து பாடுகிறார். பீர் கோப்பை அடியிலிருந்து நிரம்புமாம்! ஒன்று மட்டும் கேட்கிறேன், கோப்பை அடியிலிருந்து நிரம்பி என்ன, அலமாரியில் கோப்பை நிரம்ப வேண்டாமா?

2023-24இல் கிளப்பின் வருமானம் 52.8 கோடி பவுண்டு, அதில் வீரர்கள், ஊழியர்கள் சம்பளத்துக்குப் போனது 42 சதவீதம்தான். கணக்குப் பிள்ளைக்கு அழகான எண். எனக்கு அதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது. காசைக் கொட்டினால் ஜெயித்துவிடலாம் என்று நான் சொல்லவே மாட்டேன். 517 நாள் பட்டினி கிடந்துவிட்டு 5 கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்து எண்டோம்பெலேவை வாங்கினோமே, அது என்ன ஆனது? ஏறிக்கொண்டிருக்கும்போது போட வேண்டிய காசை, இறங்கத் தொடங்கிய பிறகு போட்டால் அப்படித்தான் ஆகும்.

இந்த ஜாக்கிரதை மனிதர் மேனேஜர் விஷயத்தில் மட்டும் பட்டாசு. 2021 ஏப்ரல் 19, மொரீன்யோவை அனுப்பினார். ஆறு நாளில் லீக் கப் ஃபைனல்! கோப்பை ஜெயிப்பதற்காகவே அழைத்து வந்த ஆளைக் கோப்பைக்கு ஆறு நாள் முன்னால். 29 வயது ரயன் மேசனிடம் கொடுத்தார்கள். சிட்டியிடம் 0-1. இந்த வருடம்? 17ஆம் இடத்தில் முடித்த அதே சீசனில் மேனேஜர் ஆஞ்சே யூரோப்பா லீக்கை வாங்கிக் கொடுத்தார். பில்பாவோவில் மான்செஸ்டர் யுனைடெட்டை 1-0. 2008க்குப் பிறகு முதல் கோப்பை. நான் அழுத வீடியோ இருக்கிறது, போய்ப் பாருங்கள். பதினாறே நாளில் ஆஞ்சேயையும் அனுப்பிவிட்டார்கள். 17ஆம் இடம் என்பது காரணம்தான், ஒப்புக்கொள்கிறேன். மனசு ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறது.

இப்போது ஜெர்சி. மே மாதம் யூரோப்பா ஜெயித்த வாரம் கடைக்குப் போனேன். போன சீசன் ஜெர்சி, முதுகில் சோன், 7. என் சைஸ் எல் இருந்தது. விலை 5,499. தடவிப் பார்த்தேன், போட்டுப் பார்த்தேன், கண்ணாடியில் நின்றேன். புது சீசன் ஜெர்சி வந்தால் இது எப்படியும் இறங்கும் என்று மாட்டிவிட்டு வந்துவிட்டேன். ஜூலையில் போனேன், 3,999. கடைப் பையன், 'அண்ணே, எல் ஒண்ணுதான் இருக்கு' என்றான். இன்னும் இறங்கட்டும் தம்பி என்றேன். ஆகஸ்டில் சோன் லாஸ் ஏஞ்சல்ஸ் போய்விட்டான். பத்து வருடம் ஆடிய மனிதன். அந்தத் துக்கத்திலும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? விலை இறங்கியிருக்கும். ஓடினேன். 2,749! பாதி விலை! எஸ் சைஸ் மட்டும்தான் மிச்சம். வாங்கிவிட்டேன். துவைத்தால் கொஞ்சம் இளகும் என்று பையன் சொன்னான், இன்னும் சுருங்கிவிட்டது. வீட்டில் இதைப் பார்த்துவிட்டு, 'லெவி லெவின்னு கத்துறீங்களே, நீங்களே ஒரு லெவிதாங்க' என்கிறாள். நான் பதில் சொல்லவில்லை.

எஸே! எஸேயைச் சொல்லாமல் போகப் பார்த்தேன். இந்த ஆகஸ்டில் கிரிஸ்டல் பேலஸிலிருந்து வந்துவிட்டான் என்றே நினைத்திருந்தோம். பேச்சு முடிகிற கட்டம் என்று செய்தி. நானும் தம்ப்னெய்ல்கூடச் செய்து வைத்துவிட்டேன். ஒரே ராத்திரியில் ஆர்சனல் வந்து தூக்கிக்கொண்டு போனது. ஆர்சனல், எங்கள் பரம எதிரி! உலகத்தில் வேறு கிளப்பே இல்லையா? அந்த தம்ப்னெய்ல் இன்னும் லேப்டாப்பில் கிடக்கிறது. சாவி சிமன்ஸ் வந்தான், குடூஸ் வந்தான், நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனாலும் எஸே.

கிளப்பின் வாசகம் என்ன தெரியுமா? லத்தீனில் இருக்கிறது, துணிவதுதான் செய்வது என்று பொருள். துணிந்தவனுக்குத் துக்கமில்லை என்று நம் பாட்டிகள் சொன்னதுதான்.

புதிதாகத் தலைமைச் செயல் அதிகாரியாக வந்திருப்பவர் வினய் வெங்கடேசம். பெயரைக் கேட்டதும் அம்மா, 'நம்ம பையனாடா?' என்று கண்ணை விரித்தார். முன்னால் ஆர்சனலில் அதே பதவியில் இருந்தவர் என்றேன். அம்மாவுக்கு அது ஒன்றுமே இல்லை. எனக்குத்தான் தொண்டையில் முள். பார்ப்போம், ஜனவரி வரை இவரைத் திட்ட மாட்டேன், வாக்கு.

அடுத்த சனிக்கிழமை, 13ஆம் தேதி இரவு பத்து மணிக்கு வெஸ்ட் ஹாம் மேட்ச். லைவில் வாருங்கள். போன தடவை போர்ன்மத்திடம் நம் வீட்டிலேயே தோற்றபோது நடுவில் கட் பண்ணிவிட்டு ஓடினேன், இந்த முறை ஓட மாட்டேன்.

ஒரு நிமிடம். கடைப் பையன்தான் மெசேஜ் அனுப்பியிருக்கிறான். 'அண்ணே, வேற கிளையிலிருந்து எல் சைஸ் ஒண்ணு வந்திருக்கு, 3,999, எடுத்து வைக்கவா?'

ம்... 3,999.

தீபாவளிக்கு எப்படியும் குறைப்பான்.