ஊர் வாய்க்கு மூடி இல்லை

(வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதைக் கொஞ்சம் திருத்தி எழுதியது)

தலைமை தாங்கும் வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் நூலகத்தைத் திறந்துவைத்திருக்கும் நூலகர் அம்மா அவர்களே, முன்வரிசையில் இருக்கும் பேரூராட்சி உறுப்பினர் அவர்களே, எட்டாம் வகுப்பில் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக் காதையும் திருகிய தலைமையாசிரியர் ஐயா அவர்களே, மைக்கும் நாற்காலியும் தந்த பந்தல்காரத் தம்பி அவர்களே, எல்லோருக்கும் வணக்கம். தேநீர்க் கடைக்காரரை விட்டுவிட்டால் கூட்டம் முடிந்ததும் தேநீர் வராது, அவருக்கும் வணக்கம்.

‘செப்டம்பர் 11: அமெரிக்க அரசே செய்த சதியா?’ என்று இந்தத் தலைப்பைக் கொடுத்தது தலைவர் ஐயாதான். காரணம் எனக்குத் தெரியும். எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் இவன் தகவல் உரிமைச் சட்டத்தில் கொண்டுபோய் முடிப்பான், ஒரேயடியாக அமெரிக்காவுக்கு அனுப்பிவிடுவோம், அங்கேயாவது வேறு எதையாவது பேசுவான் என்று நினைத்திருக்கிறார். பார்ப்போம்.

மூன்று விஷயங்கள் சொல்லப்போகிறேன். சதி என்கிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பது ஒன்று. புத்தியுள்ள மனிதர்கள்கூட அதை ஏன் நம்புகிறார்கள் என்பது இரண்டு. அவர்களோடு வாதாடுவது எப்படி என்பது மூன்று.

எங்கள் ஆத்தா அடிக்கடி சொல்லும்: “உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது.” என் பேச்சைக் கேட்டவர்களுக்கு இது புதிதல்ல. இன்றைக்கு இன்னும் இரண்டு மூன்று தடவை வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2001 செப்டம்பர் 11, செவ்வாய்க்கிழமை. நியூயார்க்கில் காலை 8.46; நமக்கு மாலை 6.16. உலக வர்த்தக மையத்தின் வடக்குக் கோபுரத்தில் முதல் விமானம் மோதியது. 9.03க்குத் தெற்குக் கோபுரத்தில் இரண்டாவது. 9.37க்கு அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகனில் மூன்றாவது. நான்காவது விமானத்தில் பயணிகள் கடத்தல்காரர்களை எதிர்த்துக் கிளம்ப, 10.03க்கு அது பென்சில்வேனியாவில் ஒரு வயல்வெளியில் விழுந்தது. கடத்தியவர்கள் 19 பேர். அவர்களைத் தவிர இறந்தவர்கள் 2,977 பேர். இதைத் திட்டமிட்டது அல்காய்தா. 2004 அக்டோபரில் அதன் தலைவர் பின்லேடனே வீடியோவில் வந்து ஒப்புக்கொண்டார்.

ஒப்புக்கொண்ட பிறகும் பேச்சு அடங்கவில்லை. 2006ல் அமெரிக்காவில் ஒரு கருத்துக்கணிப்பு எடுத்தார்கள். அரசாங்க ஆட்களே இதைச் செய்திருக்கலாம், இல்லையென்றால் தெரிந்தே நடக்கவிட்டிருக்கலாம் என்று மூன்றில் ஒருவருக்கு மேல் சொன்னார்கள். அது அவர்கள் ஊர் நிலைமை. நம் ஊரில் என் மச்சான் ஒருவரே போதும்.

அந்தக் கதையைச் சொல்லியே ஆகவேண்டும். மச்சான் என்றால் அக்கா வீட்டுக்காரர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், கணக்கில் புலி, ஒரு பைசா பிசகமாட்டார். 2015ல் அவர் கைக்குப் புதிதாக ஒரு ஸ்மார்ட்போன் வந்தது. காலை ஐந்து மணிக்குக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவருடைய வீடியோ வந்து விழும். கோபுரம் சரிகிற காட்சி, பின்னணியில் பயமுறுத்தும் இசை, கீழே ஒரு வரி: ‘விமான எரிபொருளால் இரும்பை உருக்க முடியாது. அப்படியென்றால் குண்டு வைத்தது யார்?’ நான் பதில் போடுவேன். அவர் ஒன்றுக்கு நான்காகப் போடுவார். நடுவில் யாரோ ஒருவர் பூங்கொத்துப் படத்தோடு ‘இனிய காலை வணக்கம்’ என்பார். இப்படியே இரண்டு மாதம் ஓடியது.

அப்புறம் ஒரு காதுகுத்து வந்தது. பந்தியில் எதிரெதிர் இலை. ரசம் ஊற்றுகிற நேரத்தில் மச்சான் ஆரம்பித்தார். “மாப்பிள்ளை, படிச்சவங்க நீங்க. எஃகு 1,500 டிகிரியில உருகும். எண்ணெய்த் தீ 1,000 டிகிரியைத் தாண்டாது. கணக்கு உதைக்குதே?” நான் வாயைப் பொத்திக்கொண்டு ரசத்தைக் குடித்திருக்கலாம். குடிக்கவில்லை. “மச்சான், அமெரிக்காவை விடுங்க, காலையில அஞ்சு மணிக்குப் பல்லு வெளக்கற வேலையைப் பாருங்க” என்றேன். பக்கத்து இலைக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். மச்சான் இலையை மூடிவிட்டு எழுந்துபோனார். பாயசம் வருவதற்கு முன்னாலேயே! எங்கள் பக்கத்தில் இலையை மூடிவிட்டு எழுந்தால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எட்டு மாதம் பேச்சுவார்த்தை இல்லை. அக்காவும் என்னிடம் போனில் தேங்காய் விலையைத் தவிர வேறெதுவும் பேசவில்லை.

எட்டு மாதம் கழித்து மண்வெட்டிக்கு இலை அடிக்க வேண்டும் என்று கொல்லுப்பட்டறைக்குப் போனேன். அங்கே பலகையில் மச்சான் உட்கார்ந்திருக்கிறார், அவரும் கடப்பாரை தோய்க்க வந்தவர். திரும்பிப்போகவும் முடியாது. ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆசாரி கடப்பாரையைக் கரியில் சொருகித் துருத்தியை ஓட்டினார். முனை செவசெவ என்று ஆனது. எடுத்துப் பட்டடையில் வைத்து நான்கு அடி அடித்தார், மாவு மாதிரி நசுங்கியது. நான் யாரையும் பார்க்காமல் பொதுவாகக் கேட்டேன்: “ஏனுங்க ஆசாரி, இது உருகவே இல்லையே, எப்படி வளையுது?”

ஆசாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். “இரும்பு உருகிடுச்சுன்னா நான் எதைங்க அடிக்கறது?”

இதைத்தான் அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனமும் 2005ல் பெரிய அறிக்கையாக எழுதியது. எஃகு உருக வேண்டியதில்லை. 600 டிகிரியிலேயே அதன் வலிமை ஏறக்குறையப் பாதியாகிவிடும். மோதிய வேகத்தில் தூண்களின் மேலிருந்த தீக்காப்புப் பூச்சு உதிர்ந்தது, தளங்கள் தொய்ந்தன, தொய்ந்த தளம் வெளிச்சுவர்த் தூண்களை உள்ளே இழுத்தது, மேலே இருந்த மாடிகளின் பாரம் அப்படியே இறங்கியது. கொல்லன் உலைக்குத் தெரிந்தது நம் கைப்பேசிக்குத் தெரியவில்லை.

மச்சான் என் பக்கம் திரும்பினார். எட்டு மாதத்தில் முதல் வார்த்தை. மன்னிப்பாக்கும் என்று நினைத்தேன். “சரி மாப்பிள்ளை, ரெண்டு கோபுரம் உங்களுக்கு. ஏழாம் கட்டடம்?”

உலக வர்த்தக மைய வளாகத்திலேயே இருந்த ஏழாம் கட்டடம் 47 மாடி. விமானம் மோதவே இல்லை, ஆனாலும் அன்று மாலை 5.20க்கு விழுந்தது. சதிக் கதையில் இதுதான் பலமான கண்ணி. விடை இருக்கிறது. வடக்குக் கோபுரத்திலிருந்து பறந்துவந்து விழுந்த இடிபாடுகளால் தீப்பிடித்தது. நகரத்தின் குடிநீர்க் குழாய்கள் உடைந்ததால் கீழ்மாடிகளில் தானியங்கித் தெளிப்பான்களுக்குத் தண்ணீர் போகவில்லை. ஏழு மணி நேரம் எரிந்தது. 79ஆம் எண் தூண் முதலில் போய், மற்றவை தொடர்ந்தன. 2008ல் அதே தர நிர்ணய நிறுவனம் இந்தக் கட்டடத்தைப் பற்றிய அறிக்கையின் வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தபோது, ஒரு பள்ளி இயற்பியல் ஆசிரியர், கட்டடம் கொஞ்ச நேரம் தடையே இல்லாமல் விழுந்திருக்கிறது, உங்கள் வரைவில் அது இல்லை என்றார். சரிபார்த்தார்கள். ஆமாம், சுமார் 2.25 விநாடி அப்படித்தான் விழுந்திருக்கிறது என்று இறுதி அறிக்கையில் சேர்த்தார்கள். உள்தூண்கள் முன்பே போய்விட்டன, வெளிச்சுவர்த் தூண்களும் மடங்கியபின் தாங்க ஒன்றுமில்லை, அதனால் அந்த 2.25 விநாடி என்று காரணமும் எழுதினார்கள். தலைமையாசிரியர் ஐயா, ஓர் ஆசிரியர் கேட்டார், அரசு திருத்திக்கொண்டது. இதுவரை நல்ல கதை. அதே நிறுவனம் மறு வருடம் என்ன செய்தது தெரியுமா? கட்டடம் எப்படி விழுந்தது என்று கணக்கிட்ட கணினி மாதிரிக்கான தரவுகள் முழுவதையும் ஒருவர் கேட்டபோது, கொடுத்தால் பொதுப் பாதுகாப்புக்கு ஆபத்து என்று ஒரு பகுதியைக் கொடுக்க மறுத்துவிட்டது. உலையை மூடிவிட்டார்கள். ஊர் வாய்?

இரண்டாவது விஷயத்துக்கு வந்துவிட்டோம். மச்சான் முட்டாள் இல்லை. அரசாங்கம் பொய் சொல்லும் என்கிறார், அது உண்மை. 1962ல் அமெரிக்க முப்படைத் தளபதிகள் ‘நார்த்வுட்ஸ்’ என்று ஒரு திட்டம் எழுதினார்கள். அமெரிக்காவுக்கு உள்ளேயே வன்முறையை அரங்கேற்றிக் கியூபா மேல் பழி போடலாம் என்பது யோசனை. கென்னடி அரசு ஏற்கவில்லை. ஆனால் எழுதியது எழுதியதுதானே! அந்தக் காகிதம் வெளியே வர 1997 ஆனது. 1964ல் வியட்நாமை ஒட்டிய டோங்கின் வளைகுடாவில் இரண்டாம் தடவை தாக்கப்பட்டோம் என்று சொல்லி வியட்நாம் போருக்கு அனுமதி வாங்கினார்கள். அப்படியொரு தாக்குதல் நடக்கவில்லை என்று அவர்களுடைய உளவு நிறுவனத்தின் வரலாற்றாசிரியர் எழுதியது 2005ல்தான் வெளிவந்தது. ஈராக்கின் பேரழிவு ஆயுதங்கள் கதை உங்களுக்கே தெரியும்.

செப்டம்பர் 11 விஷயத்திலும் அதுதான். கோபுரங்கள் விழுந்து ஒரு வாரத்தில், நியூயார்க் காற்று சுவாசிக்கப் பாதுகாப்பானது என்று சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பின் தலைவர் சொன்னார். அப்படிச் சொல்லப் போதிய தரவு அப்போது கையில் இல்லை என்று அந்த அமைப்பின் தணிக்கைப் பிரிவே 2003ல் எழுதியது. இடிபாடுகளில் வேலை செய்தவர்கள் எத்தனை பேருக்கு நுரையீரல் நோய்! இதைப் பற்றி வீடியோ போடுகிறவர்கள் குறைவு, ரகசியக் குண்டு அளவுக்கு இதில் சுவாரஸ்யம் இல்லை. விசாரணைக் குழு வேண்டும் என்று கேட்டபோது புஷ் அரசு முதலில் எதிர்த்தது. கணவனை இழந்த பெண்கள் வாஷிங்டனுக்கு நடையாய் நடந்தார்கள், 2002 நவம்பரில் குழு அமைந்தது. 2004 ஜூலை 22ல் அறிக்கை வந்தது. விமானங்கள் கடத்தப்பட்ட தகவல் எப்போது கிடைத்தது என்று விமானப் படை முதலில் சொன்ன நேரக்கணக்கு தப்பு என்று எழுதியது அந்த அறிக்கைதான். தாக்குதலுக்கு ஐந்து வாரம் முன்பு, ஆகஸ்ட் 6 அன்று, ‘பின்லேடன் அமெரிக்காவுக்குள் தாக்கத் தீர்மானமாக இருக்கிறார்’ என்று ஜனாதிபதிக்குப் போன குறிப்பும் அந்தக் குழு விடாமல் கேட்டதால்தான் வெளியே வந்தது. சதி என்பவர்கள் இந்த அறிக்கையை மூடிமறைப்பு என்கிறார்கள். அரசாங்கத்தை அதிகம் மாட்டிவிட்ட புத்தகம் அதுதான். படித்தால்தானே தெரியும்.

கொல்லுப்பட்டறையில் மச்சான் கடைசியாக ஒன்று கேட்டார், அதற்கு என்னிடம் பதில் இல்லை. “எல்லாம் சரி. இருபத்தெட்டுப் பக்கத்தை ஏன் பூட்டி வெச்சிருக்காங்க?”

2002 டிசம்பரில் முடிந்த நாடாளுமன்ற விசாரணை அறிக்கையில் அந்த 28 பக்கங்களை மட்டும் மறைத்துவிட்டார்கள். கடத்தல்காரர்கள் 19 பேரில் 15 பேர் சவூதிக்காரர்கள். அந்தப் பக்கங்கள் சவூதித் தொடர்புகளைப் பற்றியவை. 2016 ஜூலை 15ல், அங்கங்கே கறுப்படித்து, வெளியிட்டார்கள். சவூதி அதிகாரிகள் சிலரோடு இருந்திருக்கக்கூடிய தொடர்புகள், விசாரிக்க வேண்டிய தகவல்கள், இவ்வளவுதான். கோபுரத்தில் யாரும் குண்டு வைத்ததாக ஒரு வரி இல்லை. பதின்மூன்றரை வருடம் பூட்டி வைத்த பெட்டியில் இதுதான் இருந்தது! முதல் நாளே திறந்திருந்தால் பத்து பேர் படித்திருப்பார்கள். பூட்டியதால் கோடிப் பேர் கற்பனை செய்தார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது.

தலைவர் ஐயா துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறார். ‘ஐந்து நிமிடம்’ என்று இருக்கிறது. ஐயா, அமெரிக்காவிலிருந்து திரும்பிவிட்டேன்.

நமக்கும் ஒரு சட்டம் இருக்கிறது, தகவல் உரிமைச் சட்டம். அதில் தமிழ்நாடு முன்னோடி, 1997லேயே மாநிலச் சட்டம் கொண்டுவந்தோம். 2005ல் நாடு முழுக்க வந்தது. பத்து ரூபாய் கட்டிக் கேட்டால் முப்பது நாளில் பதில் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது நாலாவது பிரிவு. யாரும் கேட்காமலேயே ஒவ்வோர் அலுவலகமும் 17 வகைத் தகவல்களைத் தானாக வெளியிட வேண்டும். வேலை என்ன, பட்ஜெட் என்ன, மானியம் வாங்கியது யார், எல்லாம் அதில் அடக்கம். ஓர் ஊரில் மேல்நிலைத் தொட்டி பாதியில் நின்றது. நான்கு வருடம் அதைப் பற்றிப் பேசாத தேநீர்க் கடை இல்லை. பணத்தை விழுங்கிவிட்டார்கள் என்றார்கள், தொட்டிக்கு அடியில் கோயில் சிலை கிடைத்தது என்றார்கள். நான் மனுப் போட்டேன். ‘கோப்பு கிடைக்கவில்லை’ என்று பதில் வந்தது. கதை இரண்டு மடங்கானது. மேல்முறையீடு போனதும் கோப்பு கிடைத்துவிட்டது. மண் பரிசோதனையில் அடிமண் தாங்காது என்று வந்திருக்கிறது, வேறு இடம் பார்க்கச் சொல்லிப் பொறியாளர் எழுதியிருக்கிறார், அந்தக் கடிதத்துக்கு யாரும் பதில் போடவில்லை. ஒரு பக்கக் கடிதம். அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தால் சிலை முளைத்திருக்காது.

2023ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் சட்டத்தில் கைவைத்த கதை தனிக்கூட்டம் போட வேண்டிய விஷயம். தலைவர் ஐயா மறுபடி கடிகாரத்தைப் பார்க்கிறார். எப்படி வாதாடுவது என்ற மூன்றாவது விஷயத்துக்கு நேரமில்லை. பந்தியில் வேண்டாம் என்பதை மட்டும் இப்போதைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மச்சான் இப்போது சமாதானமாகிவிட்டார். போன மாதம் அவர் அனுப்பிய வீடியோ நிலாவுக்கு மனிதன் போகவே இல்லை என்பது.

நம் பேரூராட்சி அலுவலக வாசலில் நாலாவது பிரிவுப் பலகை வைக்கச் சொல்லி ஒரு மனு தயாராக இருக்கிறது. உறுப்பினர் அவர்கள் முதல் கையெழுத்துப் போடுவதாக மேடை ஏறும் முன்பே சொன்னார்கள், அவர்களுக்கு நன்றி. மனு வெளியே தேநீர் மேசையில் இருக்கிறது. பேனாவைக் கயிற்றில் கட்டி வைத்திருக்கிறோம். போன கூட்டத்தில் இரண்டு பேனா காணாமல் போனது. வணக்கம்.